கவிழ்த்து வைத்த மரக்கால்

எங்கள் வீட்டில் ஓர் ஓலைப் பெட்டிக்குள் என் பாஸ்போர்ட் கிடக்கிறது. காலாவதியாகிப் பல வருடம் ஆயிற்று. உள்ளே ஒரு முத்திரைகூடக் கிடையாது. அதில் ஒட்டியிருக்கும் படம் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவிலேயே எடுத்தது. மூன்று தடவை எடுத்தும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று நாலாவது தடவை எடுத்தார்கள். மனிதர்களின் கண்ணைப் பார்த்துப் பேசுவதே எனக்குக் கஷ்டம். கேமராவின் கண் அதைவிடக் கஷ்டம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பட்டுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நடவு நட்டு, கூலிக்கு அறுத்தவர்கள். நானும் அதைச் செய்தேன், தேங்காய் உரித்தேன், லோடு ஏற்றினேன். முப்பது வயதை நெருங்கும்போது பட்டுக்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவில் வேலை கிடைத்தது. லைட்டைத் தூக்கிப் பிடிப்பது, திரையை மாற்றுவது, ஸ்டூலை நகர்த்துவது. பேச வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடித்துப் போயிற்று.

ஸ்டுடியோ முதலாளியை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அப்போது பாதி ஊர் வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. காலையில் கடை திறக்கும்போதே பாஸ்போர்ட் படத்துக்கு ஆள் நிற்கும். சாயங்காலம் அந்த ஆட்களின் குடும்பங்கள் வரும். புருஷன் மஸ்கட்டிலோ சிங்கப்பூரிலோ இருப்பான். அவனுக்கு அனுப்ப மனைவியும் பிள்ளைகளும் படம் எடுத்துக்கொள்வார்கள். எங்களிடம் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் டெலிபோன் இருந்தது. வீட்டில் போன் இல்லாத பெண் அதைக் காதில் வைத்துக்கொண்டு அருவி வரைந்த திரைக்கு முன்னால் நிற்பாள். "உங்க வீட்டுக்காரரு லைன்ல இருக்காருன்னு நெனச்சுக்கங்க" என்பார் பாய். உடனே அந்த முகத்தில் ஒரு வெட்கம் வரும். பாய் அந்த நொடியில் அழுத்திவிடுவார். பக்கத்தில் ஒரு பொருளை வைத்தால் மனிதர் முகமே மாறுகிறது என்பதை நான் அங்கேதான் பார்த்தேன். அந்த மாதிரிப் பொருள்களுக்கு பாய் வைத்திருந்த பெயர் செட்டிங் சாமான். அவற்றைத் துடைத்து, எடுத்து, வைப்பது என் பொறுப்பு.

அந்தச் சமயத்தில் என் மனைவி ஒரு மகளிர் குழுவில் சேர்ந்திருந்தாள். எட்டுப் பெண்கள். நாலு பேர் எங்கள் தெரு, நாலு பேர் பள்ளிவாசல் தெரு. பள்ளிவாசல் தெருப் பெண்களுக்குக் கல்யாணச் சீருக்கு ஓலைப் பெட்டி முடையும் வழக்கம் இருந்தது. அவர்களிடமிருந்து மற்றவர்கள் பழகிக்கொண்டார்கள். வேதாரண்யம் பக்கத்திலிருந்து குருத்தோலை வரும். சிவப்பும் பச்சையும் சாயம் ஏற்றி, மூடி போட்ட பெட்டியாக முடைவார்கள். மூடியின் மேலே நட்ட நடுவில் ஒரு சூரியன் விரியும். என் மனைவி முடைந்த சூரியனுக்குப் பதினாறு கதிர். மற்றவர்களுக்குப் பன்னிரண்டுதான் வரும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

தஞ்சாவூரில் நடந்த ஒரு கண்காட்சியில் அந்தப் பெட்டிகளைச் சென்னையில் ஏற்றுமதி செய்யும் ஓர் அம்மா பார்த்தார். "சாமான் விக்கிறதுக்கு வெளிநாட்டுக்கு ஒரு படப் புத்தகம் போடப்போறேன். அதுல இதையும் சேர்க்கலாம். நல்லதா படம் எடுத்து அனுப்புங்க, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதே சமயத்தில் மஸ்கட்டிலிருந்த என் மைத்துனன் எனக்கு ஒரு விசாவுக்குச் சொல்லி வைத்திருந்தான். கட்டட வேலை. ஆவணியில் கிளம்ப வேண்டும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் மனசு வரவில்லை. என் மனைவிதான் பேசினாள்.

"டீக்கடையில ஒரு டீ சொல்றதுக்கே மூணு தடவ தொண்டையக் கனைக்கிறீங்க. அங்க போயி அரபிக்காரன்கிட்ட என்னத்தங்க பேசுவீங்க?"

"எல்லாரும் போறாங்கல்ல."

"எல்லாரும் போகட்டும். ஆர்டர் வந்துச்சுன்னா ஓல வாங்க வேதாரண்யம் போகணும், பெட்டி கட்டணும், லாரியில ஏத்தணும். அதுக்கு ஒரு ஆம்பள வேணும். நீங்க இருங்க. ஆர்டர் வரலன்னா போங்க, நான் தடுக்கல."

அப்படித்தான் முடிவாயிற்று. படம் பிடித்துப்போய் ஆர்டர் வந்தால் நான் ஊரில் இருப்பேன். இல்லையென்றால் மஸ்கட். படம் எடுக்கப்போவது பாய். பக்கத்தில் சாமான் வைக்கப்போவது நான்.

மாதிரிக்கு அந்த அம்மா ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தைக் கொடுத்திருந்தார். வழவழப்பான தாள். ஒரு கூடையில் நீளமான ரொட்டி, பக்கத்தில் திராட்சைக் கொத்து, கம்பளித் துணி, காய்ந்த பூ. நானும் பாயும் ஒரு மத்தியானம் முழுவதும் அதைப் பார்த்தோம். பிறகு அதையே செய்தோம். ரொட்டிக்கு டீக்கடை பன். திராட்சைக்கு ஸ்டுடியோ பிளாஸ்டிக் குலை. கம்பளிக்கு பாயின் மச்சான் சவூதியிலிருந்து கொண்டுவந்த புலி போட்ட போர்வை. ஒரு பக்கம் இடம் காலியாக இருந்ததால் சிவப்பு டெலிபோனையும் எடுத்து வைத்தேன். பின்னால் அருவி. படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே பன்னில் எறும்பு ஏறிவிட்டது. ஒவ்வொரு தடவையும் நான் ஓடிப்போய் ஊதிவிட்டு வந்தேன்.

படங்கள் சென்னைக்குப் போய்ச் சேர்ந்ததும் ஸ்டுடியோவுக்குப் போன் வந்தது. பாய் என்னையும் கேட்கச் சொல்லி ரிசீவரைச் சாய்த்துப் பிடித்தார்.

"பாய், பெட்டி எங்க இருக்கு இதுல? எனக்குப் புலிதான் தெரியுது."

"செட்டிங்மா அது."

"யார் வீட்டுலங்க பன்னையும் போனையும் ஒண்ணா வப்பாங்க? வெளிநாட்டுச் சாமான் வெளிநாட்டுக்காரங்ககிட்டயே இருக்கு. உங்க ஊர் வீட்டுல என்ன இருக்குமோ அத வைங்க. நிஜமான பொருளா வைங்க. இன்னொரு தடவதான் பார்ப்பேன்."

பாய் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கேட்டியா தம்பி? இனிமே பன்னு கெடையாது. வீடு வீடாப் போயி சாமான் கேளு."

வீடு வீடாகப் போய்க் கேட்பது. எனக்கு அது மஸ்கட்டைவிடத் தூரமாகத் தெரிந்தது.

ஆனாலும் போனேன். அந்த இரண்டு வாரங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு வாசனைதான் முதலில் வருகிறது. புளி போட்டுத் தேய்த்த பித்தளை வாசனை, அத்தர் வாசனை, பரணிலிருந்து இறக்கிய சாமானின் தூசி வாசனை. பள்ளிவாசல் தெருவில் ஒரு வீட்டில் வட்டத் தாம்பாளம் கொடுத்தார்கள். அந்த வீட்டுப் பெண் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே, "இது எங்க நிக்காஹ்ல வச்சது. கீறல் படாம கொண்டாங்க காக்கா" என்றாள். அவர்கள் தெருவில் காக்கா என்றால் அண்ணன். இன்னொரு வீட்டில் சந்தனக் கிண்ணம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மண் அகல். வெள்ளிக்கிழமை விளக்கு கேட்கக் கூடாது, பொழுது சாய்ந்தபின் உப்பு கேட்கக் கூடாது என்று மனைவி எனக்குச் சொல்லி அனுப்புவாள். திருப்பிக் கொடுக்கும்போது எந்தப் பாத்திரத்தையும் வெறுமனே கொடுக்கவிட மாட்டாள். நாலு வெற்றிலை, ஒரு வாழைப்பழம், ஒரு கை சர்க்கரை, ஏதாவது ஒன்று உள்ளே இருக்கும். அதனால் இரண்டாவது தடவை போனபோது கதவுகள் சீக்கிரம் திறந்தன.

ஒரு பொருள் மட்டும் குறைவாக இருந்தது. நெல் நாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் நெல் சம்பந்தமாக ஒன்றும் இல்லையே என்று எனக்குத் தோன்றியது. அப்போது எனக்கு நினைவு வந்தது எங்கள் ஊர்ப் பெரிய வீட்டின் நெல் அளக்கும் மரக்கால்.

அப்பாவும் அம்மாவும் வேலை செய்தது அந்த வீட்டு வயலில்தான். அறுவடை முடிந்ததும் களத்தில் கூலி நெல்லை அந்த மரக்காலால் அளந்து போடுவார்கள். கருத்த பலா மரத்தில் குடைந்தது, விளிம்பிலும் அடியிலும் பித்தளைப் பூண். அளப்பவர் அந்த வீட்டுக்காரர். ஒவ்வொரு தடவையும் மரக்காலை நெல்லில் முக்கி எடுத்து, உள்ளங்கையால் மேலே ஒரு வழி வழித்துத் தட்டையாக்கிவிட்டுத்தான் அப்பா விரித்த துண்டில் கொட்டுவார். வீட்டுக்கு வரும் குத்தகை நெல்லை அளக்கும்போது மட்டும் கை வழிக்காது, நெல் மேலே கூம்பாக நிற்கும். சின்ன வயதில் எனக்கு அந்த உள்ளங்கை நன்றாகத் தெரியும். முகத்தைப் பார்க்காதவனுக்குக் கைகள்தானே தெரியும்.

இப்போது அந்த வீட்டில் பாதி நிலம் விற்றாகிவிட்டது. ஒரே மகன் சிங்கப்பூரில். வீட்டுக்காரரும் மருமகளும் மட்டும் இருந்தார்கள். நான் கொல்லைப் பக்கம் போய் நின்றேன். மருமகள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, அரை மணி நேரமா வேலியவே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

சொன்னேன். அவள் சிரித்தாள். "அதா? மாடிப்படிக்குக் கீழ கெடக்கு. மாமா தூங்குறாங்க. எடுத்துட்டுப் போயிட்டு ரெண்டு மூணு நாள்ல கொண்டாந்துருங்க. எனக்கும் ஒரு படம் குடுங்க, அவருக்கு அனுப்பணும்."

மறுநாள் ஸ்டுடியோவில் அருவியைச் சுருட்டி வைத்துவிட்டு, ஒரு பழைய காவித் துணியைத் தொங்கவிட்டோம். தாம்பாளம், சந்தனக் கிண்ணம், வெற்றிலை, அகல். நடுவில் என் மனைவியின் பெட்டி. பக்கத்தில் மரக்கால். பாய் லென்ஸ் வழியாகப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மரக்கா உசரமா இருக்கு, பெட்டி அதுக்குக் கீழ அமுங்கிப் போவுது. அந்தச் சூரியனே தெரியல தம்பி. வா, நீயே பாரு."

நான் பார்த்தேன். அதுவரை பாய் என்னை லென்ஸ் வழியாகப் பார்க்கச் சொன்னதில்லை. அந்தச் சின்னச் சதுரத்துக்குள் போனதும் பொருள்களுக்குப் பெயர் போய்விடுகிறது. தாம்பாளம் ஒரு மினுக்கம். வெற்றிலை ஒரு பச்சை. மரக்கால் வெறும் உயரம். எனக்கு அந்த உயரம் தேவைப்பட்டது. நேரே போய் மரக்காலை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். அதன் அடிப்பாகத்தின் மேல் பெட்டியை வைத்து, மூடியைக் கொஞ்சம் சாய்த்துவிட்டேன். பதினாறு கதிரும் வெளிச்சத்தில் விரிந்தன.

"அல்லாஹ்!" என்றார் பாய். அந்த ரோலில் மிச்சமிருந்த படங்களை எல்லாம் அதிலேயே எடுத்தார்.

தஞ்சாவூர் லேபிலிருந்து படங்கள் வந்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. பெட்டி கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. சென்னைக்கு ஒரு செட் அனுப்பினோம். மரக்காலுக்குள் வாழைப்பழமும் வெற்றிலையும் வைத்து, மேலே ஒரு படத்தையும் வைத்து மருமகளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். நாலாம் நாள் சென்னை அம்மாவிடமிருந்து போன் வந்தது. "இதுதான் எனக்கு வேணும். இந்தப் படம் முதல் பக்கத்துல வரும். அடுத்த வாரம் அச்சுக்குப் போகுது." பாய் எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். வீட்டில் மனைவி அன்றைக்கு அரை நாள் பாட்டுப் பாடிக்கொண்டே ஓலை கிழித்தாள்.

அதற்கு அடுத்த நாள் காலை பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஐயா கூப்பிடுகிறார் என்று.

அவர் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் படம். மருமகள் தூணோரம் நின்றாள். கண் சிவந்திருந்தது.

"இது யாரு வச்சது?"

"நான்தாங்கய்யா."

"தெரிஞ்சு வச்சியா, தெரியாம வச்சியா?"

அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் சரியான பதில் இல்லை. மரக்காலைக் கவிழ்ப்பது எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் செய்யாத காரியம். காலியாகக்கூட வைக்க மாட்டார்கள், உள்ளே ஒரு பிடி நெல்லாவது கிடக்கும். கவிழ்த்தால் அந்த வீட்டில் அளக்க இனி ஒன்றும் இல்லை என்று அர்த்தம். எனக்கு அது தெரியாதா? தெரியும். லென்ஸுக்குள் மட்டும் தெரியவில்லை.

"எம் மகன் போன் பண்ணி மூணு வாரமாச்சுப்பா" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இந்தப் புள்ள இத எடுத்து அவனுக்கு அனுப்பப் பாக்குது. வெளிநாட்டுல இருக்குற புள்ளைக்கு அவன் வீட்டு மரக்காலக் கவுத்துப்போட்டுக் காட்டுறதா? இந்தப் படம் வெளிய போகக் கூடாது."

"புஸ்தகத்துக்கு..."

"எதுக்கும்."

திரும்பி வரும் வழியில் டீக்கடையில் என் சேக்காளி ஒருவன் வழிமறித்தான். செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. "அப்பன் துண்ட விரிச்சு நின்ன மரக்கால மகன் கவுத்துப்புட்டான்டா!" என்று பெஞ்சைத் தட்டினான். "நம்ம வீட்டுப் பொட்டி அவுங்க மரக்கா மேல ஏறி உக்காந்திருக்காம்ல! ஒரு படம் குடுடா, பிரேம் போட்டு மாட்டுவோம்." கடையில் எல்லாரும் சிரித்தார்கள். ஒருவன் என் டீக்குக் காசு கொடுத்தான். நான் அப்படி நினைத்து வைக்கவில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். தொண்டையைக் கனைத்ததோடு நின்றுவிட்டது.

அப்பாவும் அவர்களைப் போலச் சிரிப்பார் என்று நினைத்தேன். அந்த மரக்காலிடம் நாற்பது வருடம் துண்டை நீட்டியவர் அவர். வீட்டுக்குப் போய்ப் படத்தைக் காட்டினேன். வாசல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"அவுங்க மேல கோவம்னா அவுங்ககிட்ட காட்டு" என்றார். "நெல்லு என்னடா பண்ணுச்சு?"

மனைவி ஓலையைக் கீழே வைத்தாள். "அந்தப் படத்த நிறுத்துனா அந்தம்மா வேணாம்னுருவாங்கள்ல?" என்று மட்டும் கேட்டாள். "தெரியல" என்றேன். அவள் என் பாஸ்போர்ட் வைத்திருந்த டிரங்குப் பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள். நானும் பார்த்தேன்.

பாயிடம் போய், நீங்கள் சென்னைக்குப் பேசுங்கள் என்று கெஞ்சினேன். அவர் மாட்டேன் என்றுவிட்டார். "என்கிட்ட கேட்டா நான் வியாபாரம் பேசுவேன் தம்பி. கவுத்தது நீ. நீதான் சொல்லணும்."

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் எஸ்டிடி பூத். கண்ணாடிக் கதவைச் சாத்தினால் உள்ளே வேர்த்துக் கொட்டும். நம்பரைச் சுழற்றி இரண்டு தடவை வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை அந்த அம்மா எடுத்துவிட்டார். மரக்காலைப் பற்றிச் சொன்னேன். வரிசை தவறி, முன்னும் பின்னுமாகச் சொன்னேன். தலைக்கு மேல் காசு காட்டும் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"இதுக்கா?" என்றார் அவர். "அது ஏதோ மர ஸ்டாண்டுன்னு நினைச்சேன். வாங்கப்போறவங்க வெளிநாட்டுக்காரங்க. கவுந்திருக்கா நிமிர்ந்திருக்கான்னு அவங்களுக்கு என்னங்க தெரியும்?"

"எங்களுக்குத் தெரியும்ங்க."

என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக யாருக்கும் நான் பதில் சொன்னதில்லை. சொல்லிவிட்டு நானே பயந்துபோய் நின்றேன்.

"நாலு நாள் தர்றேன்" என்றார் அவர். "இதே மாதிரி நல்லா இருக்கணும். இல்லன்னா புத்தகத்துல உங்க பெட்டிக்குப் பக்கம் இல்ல. அந்த இடத்துக்கு வேற பொருள் இருக்கு எங்கிட்ட."

மறுநாள் விடிந்ததும் நான் பெரிய வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை கொல்லைப் பக்கம் போகவில்லை. வாசல் வழியாகப் போய் நின்று, பழைய படத்தை நிறுத்தியாயிற்று என்றும், மரக்காலை நிமிர்த்தி வைத்து இங்கேயே, அவர் கண் முன்னாலேயே இன்னொரு படம் எடுக்க அனுமதி வேண்டும் என்றும் சொன்னேன். அவர் நான் பேசி முடிக்கும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்திட்டியா? அப்ப உனக்கு ஆர்டரு?"

"இந்தப் படம் நல்லா வந்தா உண்டுங்க. இல்லன்னா ஆவணியில மஸ்கட்டுங்க."

அவர் தலையை ஆட்டினார். வரச் சொன்னார்.

பாய் கேமராவோடும், வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு வெள்ளை தெர்மகோல் அட்டையோடும் வந்தார். முற்றத்தின் கிழக்கு மூலையில் காலை வெயில் ஓட்டு விளிம்பைத் தாண்டிச் சாய்வாக விழுந்தது. அந்த வெயில் அப்படியே இருக்கும் நேரம் அரை மணிகூட இருக்காது. காவித் துணி வேண்டாம், தாம்பாளமும் வேண்டாம் என்று தோன்றியது. வெறும் தரை, சாணி மெழுகிய தரை. மரக்காலை நிமிர்த்தி வைத்தேன். பெட்டியைப் பக்கத்தில் வைத்தேன். பழைய சிக்கல் திரும்ப வந்தது. மரக்கால் உயரம், பெட்டி குள்ளம். சூரியன் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தது. நான் மூடியைக் கழற்றி மரக்காலின் மேல் சாய்த்து நிறுத்திப் பார்த்தேன். பின்னால் இருட்டாக, காலியாகக் கிடந்த மரக்காலின் வாய் மூடியை விழுங்கிவிட்டது.

"உள்ள நெல்லு வேணும்" என்றார் பாய்.

நான் கேட்பதற்குள் வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போனார். ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்தார். மருமகள் பிடிக்கப் போனாள், வேண்டாம் என்று கையைக் காட்டினார். கீழே குந்தி உட்கார்ந்து மரக்காலைச் சாக்குக்குள் முக்கி எடுத்தார். நெல் நிறைந்து வழிந்தது. உடனே அந்தக் கை மேலே வந்தது. உள்ளங்கையால் ஒரு வழி. தட்டை. எனக்கு எட்டு வயதில் பார்த்த அதே கை, இப்போது நரம்பு புடைத்திருந்தது.

மரக்காலைத் தரையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தட்டையான நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடி அப்போதும் தாழ்வாகத்தான் இருக்கும் என்பது மட்டுமே என் மனதில் ஓடியது.

அவர் திரும்பச் சாக்குக்குள் கைவிட்டார். இரண்டு கையாலும் அள்ளி மரக்காலின் மேல் போட்டார். இன்னொரு தடவை அள்ளிப் போட்டார். நெல் கூம்பாக எழுந்து, விளிம்பு தாண்டித் தரையில் சிதறியது. அவர் அதை வழிக்கவில்லை.

"படத்துக்குக் குவிச்சு இருந்தாத்தான் நல்லாருக்கும்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

நான் மூடியை அந்தக் குவியலின் மேல் சாய்த்து வைத்தேன். நெல் அதைத் தாங்கிக்கொண்டது. வெயில் நேராக அதன்மேல் விழுந்து பதினாறு கதிரும் எழுந்தன. சிதறிய நெல்லைக் கூட்ட மருமகள் குனிந்தாள். "இருக்கட்டும்மா, இருக்கட்டும்மா, தொடாதீங்க!" என்று கத்தினேன். கத்தியது நான்தான். பாய் சிரித்துக்கொண்டே அழுத்தினார்.

முடிந்ததும் நெல்லைச் சாக்கில் திருப்பிக் கொட்டப் போனேன். அவர் தடுத்தார். "அளந்தத திருப்பிக் கொட்டாத. எடுத்துட்டுப் போ. உங்கப்பாகிட்ட குடு."

என் மனைவி முடைந்த பெட்டியிலேயே அந்த நெல்லைக் கட்டிக்கொண்டு வந்தேன். பெட்டி கொள்ளவில்லை, மீதியைத் துண்டில் முடிந்துகொண்டேன். அப்பா துண்டை அவிழ்த்துப் பார்த்தார். கையில் எடுத்து எடை பார்த்தார்.

"ஒரு மரக்காலுக்கு மேல இருக்கேடா. யாரு அளந்தா?"

"அவருதான்."

"வழிக்கலயா?"

"வழிச்சாரு. அப்பறம் போட்டாரு."

அப்பா அந்த நெல்லைக் குத்த விடவில்லை. விதைக்கு என்று எடுத்து வைத்தார். எங்களுக்கு விதைக்க நிலம் எங்கே இருந்தது?

சென்னையிலிருந்து பதில் வர ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளும் ஸ்டுடியோவில் போன் அடிக்கும்போதெல்லாம் நான் வெளியே போய்விடுவேன். கடைசியில் பாய்தான் வாசலுக்கு வந்து சொன்னார். "முன்ன அனுப்புனத விட இது நல்லாருக்காம். முதப் பக்கம் போட்டாச்சாம். அந்த மரச் சாமானும் விலைக்குக் கெடைக்குமான்னு கேக்குறாங்க, என்ன சொல்ல?" "அது விலைக்கு இல்ல பாய்" என்றேன்.

எட்டுப் பெண்களும் ஆறு மாதம் நிமிராமல் முடையும் அளவுக்கு ஆர்டர் வந்தது. மைத்துனனுக்கு நானே போன் செய்து வரவில்லை என்று சொன்னேன். அந்த விசாவில் டீக்கடை சேக்காளி போனான். போவதற்கு முன் பாயிடம் வந்து சிவப்பு டெலிபோனோடு ஒரு படம் எடுத்துக்கொண்டான், பொண்டாட்டிக்குக் கொடுக்க. பெரிய வீட்டு மகனும் ஒருநாள் போன் செய்தானாம். கம்பெனி மாறியதில் அறை மாறிவிட்டதாம், அவ்வளவுதான் விஷயம். மருமகள் அவனுக்குப் புதுப் படத்தை அனுப்பினாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ பெட்டிகளுக்கு எத்தனையோ சாமான் வைத்துவிட்டேன். இப்போது ரோலும் இல்லை, லேபும் இல்லை. என் மகள் போனிலேயே எடுத்து அங்கேயே அனுப்பிவிடுகிறாள். "அப்பா, சும்மா வைங்கப்பா, இவ்வளவு யோசிக்கணுமா?" என்கிறாள். நான் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது எந்த வீட்டிலிருந்து வந்தது, எந்தப் பக்கம் மேலே என்று பார்த்துவிட்டுத்தான் வைக்கிறேன்.

அந்த முதல் புத்தகத்துக்கு அடுத்து வந்த புத்தகமும் என்னிடம் இருக்கிறது. அதில் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிடி நெற்கதிர் கிடக்கும். யார் வயல் கதிர் என்று சென்னை அம்மா கேட்டார். வயல் இல்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில் அடிபம்புத் தண்ணீர் வழிந்து சேறாகக் கிடக்கும் இடம், நாலு பாய் விரிக்கும் அகலம். அப்பா அங்கே வரப்பு கட்டி, அந்த நெல்லை நாற்றுக்கு விதைத்து, பிடுங்கி நட்டார். ஆவணி போய், ஐப்பசி மழை போய், தை பிறக்கும்போது அது பழுத்துத் தலை சாய்ந்தது. அரிவாளை எடுத்துவரச் சொல்லி அப்பா கூப்பிட்டபோது நான் வீட்டில்தான் இருந்தேன்.